கென் சாரோ-விவாவின் கணக்கு

கென் சாரோ-விவாவைப் பற்றிப் பேச்சு வந்தால் தூக்குக் கயிற்றிலிருந்துதான் தொடங்குகிறோம். 1995 நவம்பர் 10, போர்ட் ஹார்கோர்ட் சிறை, அவரோடு இன்னும் எட்டுப் பேர். தொடங்குவதில் தப்பில்லை. அங்கேயே நின்றுவிடுவதால் மனுஷன் என்ன கேட்டார் என்பதுதான் மங்கிப்போகிறது. சுற்றுச்சூழல் போராளி என்று ஒரு வரி, ஷெல் கம்பெனி என்று ஒரு வரி, அவ்வளவுதான். அவருடைய சிறைக் குறிப்புகளான ‘எ மன்த் அண்ட் எ டே’யை அண்மையில் மறுபடி படித்தேன். எண்ணெய்ப் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்ற பங்குத் தகராறுதான் அதன் முதுகெலும்பு என்று எனக்குப் படுகிறது.

1993 ஜூனில், அதிபர் தேர்தல் முடிந்த சில நாட்களில், அவரைப் பிடிக்கிறார்கள். போர்ட் ஹார்கோர்ட்டிலிருந்து லாகோஸ், பிறகு ஓவெரி என்று அலைக்கழிக்கிறார்கள். இந்தப் பகுதிகளில் ‘சோசாபாய்’ எழுதிய நாவலாசிரியரின் காது நன்றாக வேலை செய்கிறது. அரசாங்கத்தின் அசட்டுத்தனத்தை அவர் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். நடுநடுவே கதையை நிறுத்திவிட்டு உரைகளையும் அறிக்கைகளையும் அப்படியே கொட்டுகிறார். இலக்கியம் தேடி வருகிறவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போவார்கள். போகக்கூடாது. உயிர் அங்கேதான் இருக்கிறது.

வருவாய் எங்கே விளைகிறதோ அந்தப் பகுதிக்கு இவ்வளவு என்று கொடுப்பதை நைஜீரியாவில் ‘டெரிவேஷன்’ என்பார்கள். விளைவிடப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். 1960-இல் சுதந்திரம் வந்தபோது மேற்கே கோகோ, வடக்கே நிலக்கடலை, கிழக்கே செம்பனை எண்ணெய். இந்த விளைபொருள்களின் ஏற்றுமதித் தீர்வை விளைந்த மண்டலத்துக்கே திரும்பியது. கனிமங்களின் ராயல்டியிலும் வாடகையிலும் 50 சதவீதம் மண்டலத்துக்கு. யொரூபா, ஹவுசா, இக்போ என்ற மூன்று பெரிய இனங்களும் தத்தம் மண்டலத்தில் பெரும்பான்மையாக இருந்த காலம் அது.

அப்புறம் எண்ணெய் பெருகியது. பெருகிய இடம் நைஜர் கழிமுகம். ஓகோனி, இஜா போன்ற சிறுபான்மையினரின் மண். உள்நாட்டுப் போர் முடிந்த 1970-இல் பங்கு 45 ஆனது, 1975-இல் 20. 1980களில் எண்ணெய் விளையும் பகுதிகளின் மேம்பாட்டுக்கென்று எடுத்துவைத்தது 1.5 சதவீதம். 1969-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் எண்ணெயை மத்திய அரசுக்கு எழுதிவைத்தது. 1978-ஆம் ஆண்டு நிலச் சட்டம் நிலத்தை மாநில ஆளுநரிடம் கொடுத்தது. குடியானவனுக்குப் பயிருக்கும் கட்டடத்துக்கும்தான் நஷ்டஈடு, மண்ணுக்குக் கிடையாது. கோகோ காலத்து நியாயம் எண்ணெய்க் காலத்தில் எங்கே போச்சு என்று சாரோ-விவா கேட்கிறார். நேர்மையாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி.

சதவீதத்தை ஏற்றினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அதுதான் இந்தப் புத்தகத்தின் பலம். 50 சதவீதம் இருந்த நாளிலும் அது ஓகோனிக்கு வரவில்லை. கிழக்கு மண்டல அரசுக்குப் போனது. எனுகுவில் உட்கார்ந்திருந்தவர்கள் பிரித்தார்கள். பியாஃப்ரா போரில் அவர் மத்திய அரசின் பக்கம் நின்று போனி துறைமுகத்துக்கு நிர்வாகியாகப் போனதை இக்போக்கள் மன்னிக்கவில்லை. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த முடிவு விளங்கும். 1967-இல் ரிவர்ஸ் மாநிலம் பிறந்தது. அதன் அமைச்சரவையில் அவரே இருந்தார். ஓகோனிக்குத் தன்னாட்சி கேட்டதற்காக 1973-இல் வெளியே அனுப்பினார்கள். மாநிலம் வந்தும் ஊருக்கு ஒன்றும் வரவில்லை. ஆக, 1990-இல் எழுதிய ஓகோனி உரிமை சாசனம் மாநிலத்தையும் தாண்டி இறங்குகிறது: எங்கள் வளத்தில் நியாயமான பங்கு, அதை ஆள எங்களுக்கே ஓர் அமைப்பு. 1992 டிசம்பரில் கம்பெனிகளுக்கு அனுப்பிய நோட்டீஸில் தொகையே போட்டுவிட்டார்கள். வாடகைக்கும் ராயல்டிக்கும் 600 கோடி டாலர், சேதத்துக்கு 400 கோடி. கேட்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர் கொண்ட ஓர் இனம்.

எனக்குப் புத்தகத்தோடு சண்டை இதற்கு அடுத்த படியில். மண்டலத்தை உடைத்து மாநிலம், மாநிலத்தை உடைத்து ஓகோனி. சரி, ஓகோனிக்குள்ளே? பணம் வந்தால் யார் கை நீட்டி வாங்குவது? தேர்தலைப் புறக்கணிப்பதில் கருத்து வேறுபட்டு இயக்கத்தின் தலைவரும் துணைத்தலைவரும் விலகுகிறார்கள். அந்தப் பிளவைச் சொல்லும்போது அவருடைய நகைச்சுவை வற்றிவிடுகிறது. எதிர்த்தரப்புக்கும் ஒரு பயம், ஒரு நியாயம் இருக்கலாம் என்ற சந்தேகம் அந்தப் பக்கங்களில் எட்டிப்பார்ப்பதே இல்லை. சோசாபாயின் அறியாமைக்கு அவ்வளவு இடம் கொடுத்த எழுத்தாளரிடம் இதை எதிர்பார்க்கலாம்தானே? 1994 மே மாதம் நான்கு ஓகோனித் தலைவர்களைக் கும்பல் ஒன்று கொன்றது. விலகிய துணைத்தலைவர் எட்வர்ட் கோபானியும் அதில் ஒருவர். அந்தக் கொலைகளைத்தான் மேல்முறையீட்டுக்கு வழியில்லாத ஒரு தீர்ப்பாயம் சாரோ-விவாவின் தலையில் கட்டியது. அந்த விசாரணை கேலிக்கூத்து. ஆனால் பிளவு நிஜம்.

1999-ஆம் ஆண்டு அரசமைப்பு, விளைவிடப் பங்கைக் குறைந்தது 13 சதவீதம் என்று நிர்ணயித்தது. நல்ல உயர்வுதான். போய்ச் சேருவது மறுபடியும் மாநில அரசுகளுக்கு. பெருந்தொகை வாங்கிய டெல்டா மாநிலத்தை 1999 முதல் 2007 வரை ஆண்ட ஜேம்ஸ் இபோரிக்கு, பணமோசடி வழக்கில் 2012-இல் லண்டன் நீதிமன்றம் 13 ஆண்டு சிறை விதித்தது. 13-க்கு 13! பக்கத்து பயெல்சா மாநிலத்தின் ஆளுநர் அலமியெசேகா 2005-இல் லண்டனில் கைதானார். 2007-இல் நைஜீரிய நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

2021-இல் வந்த பெட்ரோலியத் தொழில் சட்டம் மாநிலத்தைத் தாண்டி ஊர் வரை இறங்கிப்பார்க்கிறது. கம்பெனி தன் முந்தைய ஆண்டு இயக்கச் செலவில் 3 சதவீதத்தை ஊர்களுக்கான அறக்கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். கவனிக்க, செலவில் 3 சதவீதம், வருவாயில் இல்லை. அறக்கட்டளையை அமைக்கும் பொறுப்பும் கம்பெனிக்கே. நாசவேலையால் குழாயோ கருவியோ பழுதானால், சரிசெய்யும் செலவை அந்த ஊரின் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். ‘பாசி அண்ட் கம்பெனி’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரை எழுதிய ஆள் உயிரோடு இருந்திருந்தால், அந்தப் பிரிவை வைத்தே ஒரு எபிசோடு தேற்றியிருப்பார்.