நடித்தவரும் எழுதியவரும்: தமிழ் மேடையிலும் திரையிலும் ஆசிரிய நடிகையர்

தமிழ் நாடக, திரைப்பட வரலாற்றில் நடிகையரின் அழகு, குரல், புகழ், வீழ்ச்சி ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அவர்களுள் சிலர் தாம் பேசிய சொல்லைத் தாமே ஆக்கிக்கொண்டனர் என்பதைத் தனிப் பொருளாக எடுத்து ஆராய்ந்தவை மிகச் சிலவே. நடிப்பும் எழுத்தும் ஒருவரிடமே கூடிய இத்தகையோரை 'ஆசிரிய நடிகையர்' என்று குறித்துக்கொண்டு, அவர்கள் விட்டுச்சென்ற மரபையும் அதுபற்றிய ஆய்வின் இன்றைய நிலையையும் இக்கட்டுரை தொகுத்து நோக்குகிறது.

மேலைநாட்டில் இவ்வகைக்கு முதன்மைச் சான்றாக அமெரிக்க நடிகை மே வெஸ்டைச் (1893–1980) சுட்டலாம். ஜேன் மாஸ்ட் என்னும் புனைபெயரில் அவர் எழுதி நடித்த 'செக்ஸ்' என்னும் நாடகம் 1926இல் நியூயார்க்கில் மேடையேறியது. மறு ஆண்டில் ஆபாச வழக்கில் அவருக்குப் பத்து நாள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தாம் எழுதிய 'டயமண்ட் லில்' நாடகத்தை 1933இல் ஹாலிவுட் படமாக்கியபோது அவரே அதில் நடித்தார். 1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த தணிக்கை விதிகளோடு மோதியவாறே தொடர்ந்து எழுதினார். அவருடைய மூன்று நாடகங்கள் 1997இல் ஒரே நூலாக வெளிவந்ததால், அவரைக் கவர்ச்சி நடிகையாக மட்டும் கண்ட பார்வையை நாடகாசிரியராகக் காணும் பார்வை எதிர்கொள்ள முடிந்தது.

தமிழில் துணிச்சல் மிக்க நடிகை என்றதும் முதலில் பேசப்படுபவர் கும்பகோணம் பாலாமணி அம்மாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஆண் வேடங்களையும் பெண்களே ஏற்கும் நாடகக் குழு ஒன்றை அவர் நடத்தினார். 'தாரா சசாங்கம்' நாடகத்தில் தாரை சந்திரனுக்கு எண்ணெய் தேய்க்கும் காட்சியும், நாடகம் பார்க்க வருவோருக்காக ஓடியதாகச் சொல்லப்படும் 'பாலாமணி ஸ்பெஷல்' ரயிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஆயின், குழுவின் உரிமையாளராக அவர் எந்த நாடகங்களைத் தேர்ந்தார், 'டம்பாச்சாரி' போன்ற சமூக நாடகத்தை ஏன் மேடையேற்றினார் என்னும் கேள்விகள் அந்த எண்ணெய்க் காட்சிக்குப் பின்னால் மறைந்துபோயின.

எழுத்து என்பதை அச்சேறிய பிரதி என்று மட்டும் கொண்டால் அக்காலத்து நடிகையர் பலர் கணக்கில் வரமாட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை அடியொற்றி வளர்ந்த 'ஸ்பெஷல் நாடகம்' என்பது, ஒரே குழுவைச் சாராத நடிகர்கள் ஓர் இரவுக்கென ஒப்பந்தமாகி, ஒத்திகையின்றிக் கூடி நடத்துவது. அதில் 'தர்க்கம்' என்னும் பகுதி, பாடலுக்கும் பாடலுக்கும் இடையே இரு பாத்திரங்கள் சொற்போர் புரியும் இடமாகும். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளியாக வருபவர், எதிரில் நிற்பவர் எந்தக் கேள்வியைத் தொடுப்பார் என்று முன்கூட்டியே அறியாமல், அவையோர் முன்னிலையில் அக்கணமே மறுமொழியைக் கட்டியாக வேண்டும். அங்கே ஏடு பிடித்து எழுதாமலேயே நடிகை ஆசிரியராகிவிடுகிறார். ஸ்பெஷல் நாடக நடிகையரின் வாழ்வை ஆராய்ந்த சூசன் சைசரின் நூல் (2005), அவர்கள் சுமக்கும் சமூக இழிவையும் அதை அவர்கள் எதிர்கொள்ளும் விதத்தையும் விரிவாகப் பதிவுசெய்துள்ளது.

இந்த மேடையிலிருந்து திரைக்கு வந்தவர் டி. பி. ராஜலட்சுமி (1911–1964). திருவையாற்றில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, குழந்தை மணத்துக்கு ஆட்பட்டு, அந்தத் திருமணம் முறிந்தபின் திருச்சியில் சாமண்ணாவின் நாடகக் குழுவில் சேர்ந்த அவர், 1931 அக்டோபர் 31இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் நாயகியானார். நாயகி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசிய அப்படத்தில் கதைக்குத் தொடர்பில்லாத தேசபக்திப் பாடல்களும் குறத்தி நடனமும் இருந்தமை, நாடக மேடையின் பழக்கம் அப்படியே திரைக்குக் குடியேறியதைக் காட்டுகிறது. 1936இல் 'கமலவல்லி' என்னும் தம் நாவலை 'மிஸ் கமலா' என்னும் படமாக்கி, அதை எழுதி, தயாரித்து, இயக்கி, நாயகியாகவும் நடித்துத் தமிழின் முதல் பெண் இயக்குநரானார். தர்க்கத்தில் காற்றோடு போன சொல் இங்கே நாவலாகவும் திரைக்கதையாகவும் நிலைபெற வழி பிறந்தது.

அதே காலத்தில் மேடைக்கு வெளியிலிருந்து வந்தவர் வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960). எழுதப் பழகாத நிலையில், தாம் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுத, 'இந்திரமோகனா' நாடகத்தை 1924இல் வெளியிட்ட அவர், பின்னர் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். 1953இல் 'சண்டிராணி' படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மும்மொழிகளிலும் இயக்கி நடித்த பி. பானுமதி, தெலுங்கில் 'அத்தகாரி கதலு' என்னும் நகைச்சுவைக் கதைகளின் ஆசிரியராகவும் இடம்பெற்றார். எனினும் தமிழ் வாசகருக்கு அவருடைய குரலும் மிடுக்கும் அறிமுகமான அளவுக்கு அவரது எழுத்து அறிமுகமாகவில்லை.

சென்னைக்கு மேற்கே ஆவடி, பூந்தமல்லி, திருவள்ளூர் எனக் காஞ்சிபுரம் வரை விரியும் வட்டாரத்தின் தெருக்கூத்து மரபு இந்த வரலாற்றுக்கு மறுபக்கமாகும். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்களில் நடைபெறும் இக்கூத்தில் பாஞ்சாலி வேடத்தையும் ஆண்களே கட்டிவந்தனர். காஞ்சிபுரத்துக்கு அருகே பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் இக்கலையைப் பயிற்றுவித்தது. நகர்ப்புற மேடையில் அ. மங்கையின் நெறியாள்கையும், தம் வாழ்வைத் தாமே எழுதி 'வெள்ளை மொழி'யை மேடையில் நிகழ்த்திய திருநங்கை எழுத்தாளர் அ. ரேவதியின் ஆற்றுகையும் ஆசிரிய நடிகை மரபின் இன்றைய தொடர்ச்சிகள்.

ஆய்வு நிலையைப் பொறுத்தவரை, அவ்வை தி. க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' போன்ற தன்வரலாறுகளும் தியடோர் பாஸ்கரனின் திரைப்பட வரலாற்று நூல்களுமே அடிப்படை. ஆனால் நினைவுக்குறிப்புகளை எழுதியோர் பெரும்பாலும் ஆண்கள். ஆதலின் நடிகை அவற்றில் பார்க்கப்படுபவராகவே வருகிறார். அதைவிடப் பெரிய தடை மூலச் சான்றுகளின் இழப்பு. 'காளிதாஸ்', 'மிஸ் கமலா' இரண்டின் படச்சுருளும் இன்று கிடைக்கவில்லை. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதே ராஜலட்சுமி மறைந்த 1964ஆம் ஆண்டில்தான். மே வெஸ்டின் பிரதிகள் காப்பாற்றப்பட்டமையால் அவர் ஆசிரியராக மறுவாசிப்புக்கு உள்ளானார். ராஜலட்சுமியோ 'முதல் நாயகி', 'முதல் பெண் இயக்குநர்' என்னும் பட்டங்களுக்குள் சுருங்கிப்போனார். அவர் எழுத்தின் தரம் பற்றிய விவாதம் தொடங்கவே இல்லை.

ஆகவே இத்துறைக்கு உடனடித் தேவை புதிய புகழுரைகள் அல்ல. திரையரங்குகளில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீசுகள், பத்திரிகை விளம்பரங்கள் ஆகியவற்றை, சென்னைத் தரமணியின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற சேகரங்களின் துணையோடு ஒப்பிட்டு, 'கமலவல்லி' முதலான நாவல்களைச் செம்பதிப்பாக்கி, ஸ்பெஷல் நாடகத் தர்க்கங்களை ஒலிப்பதிவிலிருந்து பெயர்த்தெழுதினால், நடிகையை எழுத்தாளராகக் காணும் விமரிசனத்துக்கு முதன்முறையாகப் பாடம் கிடைக்கும்; அதன் பின்னரே அவர்களது துணிச்சலை வாழ்க்கைக் கதையாக அன்றி இலக்கியச் செயலாக மதிப்பிட இயலும்.