கிளாரெண்டன் என்னும் தடித்த அச்செழுத்து

நூலாராய்வோர் நூலின் பொருளையும் பாடத்தையும் ஆராய்வர். அவற்றைத் தாங்கி நிற்கும் அச்செழுத்தை ஆராய்வார் மிகச் சிலரே. எனினும், எழுத்தின் வடிவமும் பொருளுணர்ச்சிக்குத் துணை செய்வதாகும். இவ்வுண்மைக்குக் கிளாரெண்டன் என்னும் ஆங்கில அச்செழுத்து தக்கதொரு சான்றாகும்.

உரோமன் எழுத்தின் கோடுகள் முடியும் இடங்களில் சிறு குறுக்குக் கோடுகள் அமைந்திருத்தல் யாவரும் அறிந்ததே. ஈண்டு அவற்றை முனைக்கோடு எனக் குறிப்போம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வாணிக விளம்பரம் பெருகிய இலண்டனில், இம்முனைக்கோடுகளைக் கட்டைபோல் தடிக்கச் செய்த எழுத்துகள் தோன்றின. வின்சென்ட் பிக்கின்சு வார்த்த எழுத்து அவற்றுள் முற்பட்டது. தொலைவிலிருந்து கண்ணை ஈர்ப்பதே அவற்றின் நோக்கம்.

1845இல் இராபர்ட் பெசுலி, பேன் தெரு வார்ப்புச்சாலையிலிருந்து கிளாரெண்டனை வெளியிட்டார். அதற்குச் சட்டத்தால் கிடைத்த காப்பு மூன்றாண்டே. அது கழிந்ததும் பிறர் பலரும் அதனைப் பின்பற்றி வார்த்தனர்.

இதனையும் சுவரொட்டிக்குரிய முரட்டெழுத்து என்று ஒதுக்குவாருளர். அது பொருந்துவதன்று. முந்திய எழுத்துகளில் கோடுகள் ஏறக்குறைய ஒரே தடிப்பின. முனைக்கோடு செங்கோணமாக ஒட்டி நிற்கும். கிளாரெண்டனிலோ தடிப்பு மெலிவு வேறுபாடு உண்டு. முனைக்கோடு வளைந்து தண்டுடன் இயைகின்றது. ஆதலின், இயல்பான உரையெழுத்தின் நடுவே, அதே வரியில், இசைந்து நிற்க அதற்கு இயல்கின்றது. தனித்து முழங்குதலன்று, பிறவற்றோடு நின்று வேறுபடுதலே அதன் பண்பு எனலாம்.

அகராதியில் இப்பண்பு நன்கு விளங்கும். 1755இல் வெளிவந்த சான்சன் அகராதி தலைச்சொற்களைப் பேரெழுத்தால் காட்டிற்று. 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதியோ தலைச்சொல்லையும் மேற்கோள்களின் ஆண்டுகளையும் தடித்த எழுத்தால் காட்டிற்று. தேடுவோன் கண் தலைச்சொல்லில் நின்று, பின் ஆண்டு வரிசையில் இறங்குகின்றது. சொல்லின் வரலாறு பக்கத்திலேயே புலனாகின்றது.

குறையும் இல்லாமலில்லை. ஒரு பக்கம் முழுதும் தடித்த எழுத்தாயின் எதுவும் தனித்துத் தோன்றாது; கண்ணும் அயரும். மென்மைக்கு நடுவே நிற்கும்போதே வன்மை வன்மையாகும்.

தமிழ்ப் பதிப்பாசிரியர் இதனின்று கொள்ளத்தக்கது யாது? தமிழெழுத்திற்கு முனைக்கோடு இயல்பன்று. ஆகவே வடிவத்தைப் பின்பற்றுதல் வேண்டா. மூலத்தையும் உரையையும் பிரித்துக் காட்டும் பயனையே கொள்ளல் வேண்டும். அங்கும் எச்சரிக்கை தேவை. தமிழெழுத்தின் உயிர் சுழியில் உள்ளது. தடிப்பு மிகுந்து சுழி அடைபடின் ணகரமும் னகரமும் மயங்கும். 'ஆணை' 'ஆனை' எனத் தோன்றும். ஏட்டில் எழுதுவோர் செய்த பிழையை நீக்கப் பல்லாண்டு உழைக்கும் நாம், அச்சில் புதியதொரு பாடவேறுபாட்டை உண்டாக்குதல் தகுமோ? சுழியின் உள்வெளி காத்த தடிப்பே தமிழுக்கு ஏற்ற தடிப்பாகும்.