பணயப் பொருளாகப் பெண்: அட்டாரி எல்லைச் சடங்கை வாசித்தல்

அமிர்தசரஸில் ஒருநாள் சுற்றுலாவுக்கென்று எழுதப்படாத வரிசை ஒன்று இருக்கிறது. காலையில் பொற்கோயில், அடுத்து ஜாலியன்வாலா பாக், மதியச் சாப்பாடு, பிறகு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தள்ளி அட்டாரி எல்லை. கைப்பை கூடாது, அடையாள அட்டை வேண்டும், பல இடங்களில் சோதனை. கடைசியில் விளையாட்டரங்கம் போன்ற படிக்கட்டுகளில் போய் உட்காருகிறோம். எதிரே ஒரு கதவு, அதற்கப்பால் பாகிஸ்தானின் வாகா. 1959 முதல் சூரியன் மறையும் நேரத்தில் இங்கே கொடியிறக்கும் சடங்கு நடக்கிறது. வழிபாட்டில் தொடங்கும் நாள் போர்ப் பாவனையில் முடிகிறது. இந்தச் சடங்கு பெண்ணுக்கு எந்த இடத்தைத் தருகிறது என்பதுதான் என் கேள்வி.

சடங்கின் மொழி முழுக்க ஆண் உடலின் மொழி. நெற்றியைத் தொடும் அளவுக்குக் காலை வீசுவது, மீசையை முறுக்குவது, நெஞ்சை நிமிர்த்தி முறைப்பது. இந்தப் பக்கம் காக்கியும் சிவப்பு விசிறித் தலைப்பாகையும், அந்தப் பக்கம் கறுப்பு உடை. இரண்டு நாட்டு வீரர்களும் ஒரே அசைவைக் கண்ணாடிப் பிம்பம்போலச் செய்துகாட்டுகிறார்கள். பகையைக் காட்டுவதற்கு இவ்வளவு ஒத்திசைவு தேவைப்படுகிறது! 2010இல் எல்லைப் பாதுகாப்புப் படைப் பெண்களும் இந்த அணிவகுப்புக்குள் வந்தார்கள். அது நல்ல மாற்றம்தான். ஆனால் மாறியது உடல் மட்டும், அசைவு மாறவில்லை. ஆணுக்கென்று வகுத்த மிடுக்கை ஆணைவிடச் சரியாகச் செய்துகாட்டுவதே அவர்களுக்குத் தரப்பட்ட சமத்துவம்.

அணிவகுப்புக்கு முன் இன்னொரு காட்சி உண்டு. பார்வையாளர்களில் பெண்களை மட்டும் சாலைக்கு அழைக்கிறார்கள். அவர்கள் தேசியக்கொடியை ஏந்தி எல்லைக் கதவு வரை ஓடிவருகிறார்கள். பிறகு ஒலிபெருக்கியில் இந்திப் பாட்டு, சாலை நிறைய ஆட்டம். பூதப்பாண்டியிலிருந்து போன எங்கள் குழுவில் என் மயினியும் இறங்கி ஆடினாங்க. அறுபது வயது, எங்கள் தெருவில் ஊர்வல மேளத்துக்குக்கூடக் கால் அசைக்காதவங்க. "எதுக்கு மயினி ஆடுனிய?" என்று கேட்டேன். "அங்க ஆடுனா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவல்லா, அதான்" என்றாங்க. அந்த மகிழ்ச்சியை எள்ளி நகையாட என்னால் முடியாது. நடுத்தெருவில் நாலு பேர் பார்க்க ஆடும் உரிமையைக் குடும்பமும் ஊரும் தராதபோது தேசம் தருகிறது. ஆனால் கொடியோடு வர வேண்டும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், முடிந்ததும் படிக்கட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

அவர்கள் ஆடும் சாலை எது? அமிர்தசரஸையும் லாகூரையும் இணைத்த பழைய பெருவழி. 1947 ஆகஸ்ட் 17இல் ராட்கிளிஃப் கோடு அறிவிக்கப்பட்டபின் இருபக்கமிருந்தும் அகதிகள் கால்நடையாக வந்த வழிகளில் ஒன்று. அந்த மாதங்களில் கடத்தப்பட்ட பெண்கள் சுமார் 75,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களை மீட்க இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1949இல் இந்தியா இதற்கென ஒரு சட்டமே இயற்றியது. அந்தச் சட்டத்தின்படி கடத்தப்பட்டவர் யார்? ஆண் என்றால் பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவன். பெண் என்றால் எந்த வயதானாலும் சரி. அதாவது பெண்ணுக்கு வயது வருவதே இல்லை. இந்தியாவிலிருந்த முஸ்லிம் பெண் ஒருத்தி, தான் இருக்கும் இடத்திலேயே இருக்க விரும்புவதாகச் சொன்னாலும் அந்தச் சொல் செல்லாது. அவள் எந்த நாட்டுக்குரியவள் என்பதை மற்றவர்கள் முடிவுசெய்தார்கள். ரிது மேனனும் கம்லா பாசினும், தனியாக ஊர்வசி புட்டாலியாவும், 1998இல் வெளியான தங்கள் நூல்களில் இந்தப் பெண்களின் குரல்களைத் தேடித் தொகுத்தார்கள். அதுவரை ஐம்பது ஆண்டுகள் அவர்கள் வெறும் எண்ணிக்கை.

கடத்தலுக்கு அஞ்சி இறந்தவர்கள், கொல்லப்பட்டவர்கள் கதை வேறு. 1947 மார்ச்சில் ராவல்பிண்டி மாவட்டத்துத் தோவா கால்சா கிராமத்தில் சுமார் தொண்ணூறு சீக்கியப் பெண்கள் கிணற்றில் குதித்தார்கள். அதை வீரமரணம் என்றே சமூகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்பதே அவமரியாதையாகிவிட்டது.

தமிழ் படித்தவர்களுக்கு, அதிலும் பூதப்பாண்டிக்காரர்களுக்கு, இது புதிதல்ல. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனை எங்கள் ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒல்லையூர் புதுக்கோட்டைப் பக்கம் என்பாரும் உண்டு. ஊர் எதுவானாலும் பாட்டு இருக்கிறது. புறநானூறு 71இல் அவன் வஞ்சினம் கூறுகிறான்: பகைவரைப் புறங்காணாவிட்டால் இவளைப் பிரிவேனாக என்கிறான். காதலின் உச்சம் என்று உரைகள் வியக்கும். போரின் பந்தயத்தில் அவன் வைத்த பொருள் மனைவி என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அவன் இறந்தபின் பெருங்கோப்பெண்டு பாடிய 246ஆம் பாட்டு கற்பின் சான்றாகவே வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகிறது. ஆனால் அவள் தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் வாதாடுகிறாள். கைம்பெண்ணுக்கு விதித்த சோற்றையும் கல் படுக்கையையும் எண்ணிச் சொல்லிவிட்டுத்தான் தீயைத் தேர்கிறாள். தீயைப் போற்றுகிற நாம் அந்தப் பட்டியலைத் தாண்டிப் போய்விடுகிறோம். தோவா கால்சாவின் கிணற்றுக்கும் அப்படி ஒரு பட்டியல் இருந்திருக்கும், கேட்டவர் இல்லை.

கேட்காமலிருப்பதும் ஒரு வன்முறை என்று ராஜிந்தர் சிங் பேடி "லாஜ்வந்தி" கதையில் காட்டினார். மீட்கப்பட்டு வரும் மனைவியைக் கணவன் தேவி என்று வணங்குகிறான். அவளுக்கு நடந்ததை மட்டும் சொல்லவிடுவதில்லை. அட்டாரியில் ஒலிக்கும் "பாரத் மாதா கி ஜெய்" அந்தக் கணவனின் குரலை நினைவூட்டுகிறது. தாயென்று வாழ்த்துகிறோம், தாய்மார்களுக்கு நடந்ததைப் பேசுவதில்லை. அமிர்தசரஸ் நகர மண்டபத்திலேயே 2017இல் பிரிவினை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எங்கள் வண்டியின் பட்டியலில் அது இல்லை.

இதெல்லாம் பழங்கதையும் இல்லை. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப்பின் அட்டாரி சோதனைச்சாவடி மூடப்பட்டது. சடங்கில் கதவு திறப்பதும் இரு நாட்டு வீரர்கள் கைகுலுக்குவதும் நின்றன. பாகிஸ்தானில் மணமாகி இந்தியக் கடவுச்சீட்டோடு இருந்த பெண்கள் இந்தக் கதவருகே தடுக்கப்பட்டார்கள். பாகிஸ்தான் கடவுச்சீட்டு வைத்திருந்த அவர்களுடைய பிள்ளைகள் மட்டும் கடக்க வேண்டியிருந்தது. மனைவி எந்த நாட்டவள், பிள்ளை யாருடையது என்ற 1949இன் கேள்வி அதே சாலையில் திரும்பி வந்தது. மே மாதம் சில நாள் நிறுத்தத்துக்குப்பின் பார்வையாளர்களும் திரும்பி வந்தார்கள். கைகுலுக்கல் வரவில்லை.

இந்தக் கதவைப் பெண்கள் வேறுவிதமாகவும் அணுகியிருக்கிறார்கள். கார்கில் போருக்கு அடுத்த ஆண்டு, 2000 மார்ச்சில், நிர்மலா தேஷ்பாண்டே தலைமையில் பெண்கள் குழு ஒன்று தில்லியிலிருந்து பேருந்தில் லாகூர் சென்றது. 2015 மே மாதம் பல நாட்டுப் பெண்கள் முப்பது பேர் கொரியாவின் ராணுவமற்ற மண்டலத்தை வடக்கிலிருந்து தெற்கே கடந்தார்கள். எந்தப் போரும் அதனால் நின்றுவிடவில்லை. ஆனால் அவர்கள் எல்லையைப் பார்க்கப் போகவில்லை, கடக்கப் போனார்கள். அட்டாரிச் சாலையில் பெண்களுக்கு அனுமதிக்கப்பட்ட தூரம் கதவு வரைதான். அதற்கு மேல் ஓர் அடி வைக்க நினைக்கிறவளின் பாட்டை எழுதுவது நம் வேலை.