ஐந்து டாலரும் அளவில்லாத திருத்தமும்

குறைந்த விலைக்கு ஆன்லைனில் ஃப்ரீலான்ஸ் வேலை செய்வதைப் பற்றித் தமிழில் வருகிற பேச்சுகளைக் கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் இரண்டு கட்சிதான். "வீட்டிலிருந்தே டாலரில் சம்பாதிக்கலாம்" என்பது ஒரு கட்சி. தாம்பரம் பக்கத்துத் தெருக்களில் ஒட்டியிருக்கும் பயிற்சி வகுப்பு நோட்டீஸிலிருந்து யூடியூப் வரை இவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது. "ஐந்து டாலருக்கு லோகோ போடுவது சுரண்டல்" என்பது மறு கட்சி. இவர்கள் எண்ணிக்கையில் கம்மி, கோபத்தில் ஜாஸ்தி.

இரண்டு கட்சியும் விலையை மட்டுமே பேசுகிறது என்பதுதான் என் புகார். அந்தக் காசுக்கு எவ்வளவு வேலை, எந்த இடத்தில் வேலை முடிந்தது என்று அர்த்தம், யார் அதைச் சொல்வது? இதை எழுதாமல் விட்டுவிட்டு விலையை நியாயம் என்றோ அநியாயம் என்றோ சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

முதலில் விலையையே பார்த்துவிடுவோம். ஃபைவர் தளம் 2010ல் இஸ்ரேலில் தொடங்கியது. மிகா காஃப்மன், ஷாய் வினிங்கர் என்ற இருவர் தொடங்கினார்கள். எல்லா வேலைக்கும் 5 டாலர் என்பதே ஆரம்பக் கணக்கு, பெயரே அதிலிருந்துதான். இதில் 20 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும், செய்தவருக்கு 4 டாலர். வாங்குபவர் மனம் மகிழ்ந்து டிப்ஸ் கொடுத்தால் அதிலும் 20 சதவீதம் போகும் (ஹோட்டல் முதலாளிகூட சர்வர் டிப்ஸில் கை வைக்க யோசிப்பார்). 2010ல் டாலர் ஏறக்குறைய 45 ரூபாய், ஆகவே 4 டாலர் என்பது 180 ரூபாய். 2025ல் டாலர் 85 ரூபாயைத் தாண்டியது, அதே 4 டாலர் 340 ரூபாய் ஆனது. வங்கிக் கட்டணமும் மாற்று வீதத்தில் போவதும் தனி.

இந்த 160 ரூபாய் உயர்வைக் காட்டித்தான் முதல் கட்சிக்காரர்கள் "பாருங்க, வருமானம் ஏறுது" என்கிறார்கள். யாரும் ஏற்றிக் கொடுக்கவில்லை, ரூபாய் இறங்கியது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 2010ல் 5 டாலருக்குக் கிடைத்ததை இன்று வாங்க 7 டாலருக்கு மேல் வேண்டும். அதாவது வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வேலை வருஷா வருஷம் மலிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது அந்தத் தளத்தில் எல்லாமே 5 டாலர் என்று இல்லை, செய்பவர் தன் விலையைத் தானே போடலாம், மூன்று அடுக்காகப் பேக்கேஜ் வைக்கலாம். ஆனால் அந்த முதல் எண் வாங்குபவர் மனதில் உட்கார்ந்துவிட்டது. 'இத்தனை டாலரிலிருந்து தொடக்கம்' என்று பட்டியலில் தெரிகிற கீழ்விலைதான் கண்ணில் படுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் பெருங்களத்தூரில் இருக்கிறார். குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு லோகோ, விசிட்டிங் கார்டு டிசைன் செய்கிறார். இப்படி ஒரு தளத்தில்தான் கணக்கு. அவருடைய அடிப்படைப் பேக்கேஜ் 10 டாலர், கையில் வருவது 8, ரூபாயில் சுமார் 680. ஒரு வேலையை முதல் வடிவத்திலிருந்து கோப்பு அனுப்பும்வரை எவ்வளவு நேரம் என்று குறித்து வைக்கச் சொன்னேன். நேராகப் போன வேலைக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. மணிக்கு 270 ரூபாய் சொச்சம். அடுத்த வாரமே இன்னொரு ஆர்டர், அதே பேக்கேஜ், அதே விலை. நாய்களுக்கு முடி வெட்டும் கடைக்கு லோகோ. நீலம் பச்சையானது, பச்சை மறுபடி நீலமானது, நாய் பூனையானது, கடைசியில் இரண்டும் வேண்டும் என்றார்கள். ஒன்பது சுற்று, 11 மணி நேரம். மணிக்கு 62 ரூபாய்.

விலை ஒன்றுதான். முதல் வாரத்தில் அது நியாயமான விலை, மறுவாரம் அநியாயம். 10 டாலர் போதுமா போதாதா என்று ராத்திரி முழுக்க விவாதம் செய்தாலும் இந்த வித்தியாசம் பிடிபடாது. அவருடைய பக்கத்தில் 'திருத்தங்கள்' என்ற இடத்தில் 'அளவில்லை' என்று இருந்தது. தளம் தருகிற தேர்வுகளில் அதுவும் ஒன்று. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் அதைப் போட்டிருக்கும்போது ஒருவர் மட்டும் 'இரண்டு' என்று போட்டால் யார் அவரிடம் வருவார்கள்? ஒன்பதாவது சுற்றில் ஆர்டரை ரத்து செய்யவும் முடியாது, கணக்கின் மதிப்பீடு அடிவாங்கும். "அவங்க கெட்டவங்க இல்லண்ணா, அவங்களுக்கே என்ன வேணும்னு தெரியல" என்றார் அந்தப் பெண். அதை நான் அப்படியே ஒத்துக்கொள்கிறேன். வாங்குபவரைத் திட்டுவது சுலபம். 'அளவில்லை' என்று எழுதிப் போட்டால் அவர் அளவில்லாமல்தான் கேட்பார்.

நம் ஊரில் இதற்கு விடை ரொம்ப நாளாக இருக்கிறது. தையல்கடைக்குப் போங்கள். தைத்துக் கொடுத்த பிளவுஸ் கை பிடிக்கிறது என்றால் டெய்லர் பிரித்துத் தைத்துத் தருவார், காசு வாங்கமாட்டார். அளவு எடுத்தது அவர், தப்பு அவருடையது. ஆனால் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்துவிட்டு, கை முழங்கைவரை இருந்தால் நன்றாக இருக்குமே என்று திரும்பி வந்தால், "அது வேற துணி, வேற கூலிம்மா" என்பார். யாரும் அவரைக் கறார் பேர்வழி என்று சொல்வதில்லை. இரண்டும் வெவ்வேறு சமாச்சாரம் என்று கடைக்காரருக்கும் தெரியும், வாடிக்கையாளருக்கும் தெரியும்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் இன்னும் தெளிவு. புரூஃப் எடுத்துக் கொடுப்பார்கள். மாமா பெயர், தாத்தா பட்டம், முகூர்த்த நேரம் எல்லாம் குடும்பமே உட்கார்ந்து பார்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் வருகிற சண்டை எப்பேர்ப்பட்டது என்று பிரஸ்காரருக்குத் தெரியும், அதனால்தான் அந்தக் கையெழுத்து. அதற்கு அப்புறம் பிரஸ் பண்ணிய பிழை பிரஸ் செலவு, சித்தப்பாவை மறந்தது குடும்பத்தின் செலவு. தாம்பரத்தில் ஒரு சின்ன பிரஸ்ஸில் ஒரு தாளில் நடக்கிற இந்தக் காரியத்தை, பங்குச்சந்தையில் பட்டியலான ஒரு நிறுவனம் தன் ஆர்டர் பக்கத்தில் கட்டாயமாக்க முடியாதா? முடியும். ஆனால் செய்ய அவசரம் இல்லை. நாய் லோகோவுக்கு ஒன்பது சுற்று நடந்தாலும் ஒரே சுற்றில் முடிந்தாலும் தளத்துக்கு வருவது அதே 2 டாலர்தான். ஒன்பதாவது சுற்றில் அதற்கு ஒரு பைசா செலவில்லை. வாங்குபவர் சந்தோஷமாகத் திரும்பி வந்தால் லாபம்.

'திருத்தம்' என்ற ஒரே வார்த்தைக்குள் பிழையைச் சரிசெய்வதையும் மனம் மாறுவதையும் சேர்த்துப் போட்டதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர் வாடிக்கையாளர்களும் வாட்ஸ்அப் வந்த பிறகு இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். தையல்கடையில் ஒழுங்காக நடந்துகொள்கிற அதே குரோம்பேட்டைக் கடைக்காரர், போஸ்டர் டிசைன் என்று வந்தால், "தம்பி, ஒரே ஒரு சின்ன சேஞ்ச்தான்" என்று ராத்திரி பதினொரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார். துணி கண்ணுக்குத் தெரிகிறது, வெட்டினால் போச்சு. கம்ப்யூட்டரில் செய்வது என்றால் நேரம் செலவாவது தெரிவதில்லை.

மலிவாக இருப்பதே குற்றம் என்று இரண்டாம் கட்சி சொல்வதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பழைய மிக்ஸி, பழைய சைக்கிள், பேர் தெரியாத மோட்டார் எல்லாம் தரையில் விரித்திருக்கும். அடிமாட்டு விலை. வாங்குபவர் தூக்கிப் பார்க்கிறார், சுற்றிப் பார்க்கிறார், ஓடுமா என்று கேட்கிறார். விற்பவர் "எடுத்துட்டுப் போனா திரும்ப வராதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அந்த விலைக்கு அந்த வாக்குறுதி, இரண்டு பேருக்கும் மனக்குறை இல்லை.

ஆன்லைனில் அப்படித் தூக்கிப் பார்க்க வழியில்லை. தரத்தை வாங்குபவரால் முன்கூட்டிக் கணிக்க முடியாத சந்தையில் என்ன ஆகும் என்பதை ஜார்ஜ் அகர்லோஃப் 1970ல் பழைய கார்களை வைத்து எழுதினார். வாங்குபவர் சராசரித் தரத்துக்கான விலையைத்தான் கொடுப்பார், நல்ல சரக்கு வைத்திருப்பவருக்கு அது கட்டாது, அவர் வெளியேறுவார், மீதி இருப்பதன் தரம் இன்னும் இறங்கும். (2001ல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் இவரும் ஒருவர். அந்தக் கட்டுரையிலேயே இந்தியக் கடன் சந்தை பற்றி ஒரு பகுதி வருகிறது.) இதற்கு மருந்தாகத்தான் நட்சத்திர மதிப்பீடு வந்தது. அதனால்தான் பயிற்சி வகுப்புகளில் எல்லாரும் ஒரே மந்திரத்தைச் சொல்லித் தருகிறார்கள்: "ஆரம்பத்துல விலையைக் கம்மியா வை, ரிவ்யூ சேரட்டும், அப்புறம் ஏத்திக்கலாம்."

இந்த மந்திரத்தின் ஓட்டை என்னவென்றால், கம்மி விலைக்கு வந்த வாடிக்கையாளர் கம்மி எதிர்பார்ப்போடு வருவதில்லை. அவருக்கும் நியாயம் இருக்கிறது. 10 டாலர் வேலைக்கு அவர் 10 டாலர் மட்டும் கட்டுவதில்லை. தளம் அவரிடமும் தனியாகச் சேவைக் கட்டணம் வாங்குகிறது, சின்ன ஆர்டர் என்றால் மேற்கொண்டு ஒரு தொகை சேர்கிறது. கொடுத்தவர் தான் கொடுத்த முழுத் தொகைக்கு வேலை எதிர்பார்க்கிறார், செய்தவர் தன் கைக்கு வந்த 8 டாலருக்கு வேலை செய்கிறார். இருவருமே கணக்கில் சரி. நடுவில் இருக்கிற வித்தியாசம் இரண்டு பேர் கண்ணிலும் முழுசாகப் படுவதில்லை, ஆகவே ஒருவரையொருவர் பேராசைக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எதிர்பார்ப்புக்கு எல்லை இல்லாதபோது யார் தலையில் விடியும் என்பதற்கு 2017 ஜனவரியில் நடந்தது ஒரு சாட்சி. பியூடிபை என்ற யூடியூப் பிரபலம், 5 டாலருக்கு மனிதர்கள் எதையும் சொல்வார்கள் என்று காட்டுவதற்காக, ஃபைவரில் இரண்டு இந்திய இளைஞர்களிடம் யூதர்களுக்கு எதிரான ஒரு கொடூர வாசகத்தைப் பலகையில் பிடிக்கச் சொன்னார். அவர்கள் பிடித்து, ஆடிச் சிரித்து வீடியோ அனுப்பினார்கள். அதன் அர்த்தம் தெரியாது என்று பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். முதலில் முடக்கப்பட்டது அந்த இளைஞர்களின் ஃபைவர் கணக்குதான், பிறகு திரும்பக் கிடைத்தது. பியூடிபைக்கும் அடுத்த மாதம் அடி விழுந்தது, டிஸ்னியின் மேக்கர் ஸ்டூடியோஸ் அவரோடு உறவை முறித்தது. ஆனாலும் அவருக்கு விழுந்து எழ இடம் இருந்தது. நான் இதைப் படிக்கும்போது அந்த வாசகத்தைவிட அந்தப் பந்தயம்தான் உறுத்தியது. அவர் சோதித்துப் பார்த்தது விலைக்கு எல்லை உண்டா என்பதையே.

அப்படியானால் குறைந்தபட்ச விலை வைத்தால் சரியாகிவிடுமா? அதையும் பார்த்திருக்கிறார்கள். இன்றைய அப்வொர்க்கின் முன்னோடியான ஓடெஸ்க் தளத்தில் 2013ல், மணிக்கணக்கு வேலைக்கு 2, 3, 4 டாலர் என்று வெவ்வேறு கீழ்வரம்பு வைத்து ஒரு சோதனை நடந்தது, ஜான் ஹார்டன் அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். கூலி ஏறியது. கூடவே வேலை வாங்கிய மணிநேரம் குறைந்தது. முதலாளிகள் புதியவர்களை விட்டுவிட்டுத் தேர்ந்தவர்களை எடுத்தார்கள். மேடையில் கைதட்டு வாங்கும் 'குறைந்தபட்ச விலை' கோரிக்கை, இப்போதுதான் கணக்குத் தொடங்கிய பெருங்களத்தூர்ப் பெண்ணை வெளியே நிறுத்தக்கூடும். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும் போதாது. மொத்தத் தொகை பேசிச் செய்கிற வேலையில் கீழ்வரம்பு 50 டாலரே இருந்தாலும் திருத்தம் அளவில்லை என்றால் மணிக்கணக்கு எங்கே போய் நிற்கும்?

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2020ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதில் தளத் தொழிலாளர் என்ற சொல்லுக்கு வரையறை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலேயே இவர்களுக்கென்று நல வாரியம் வந்துவிட்டது. நல்லது. ஆனால் யோசனை எல்லாம் ஜி.எஸ்.டி. சாலையில் கலர் சட்டை போட்டு வண்டி ஓட்டுகிறவரைச் சுற்றியே இருக்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவரும், அவருக்கு வேலை கொடுக்கிற வெளிநாட்டு ஆளும் யார் கண்ணிலும் படுவதில்லை.

புதிதாக இன்னொன்று சேர்ந்திருக்கிறது. "இதை ஏஐ ரெண்டு நிமிஷத்துல போடுமே" என்று வாங்குபவர்கள் பேரம் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் ஃபைவரே ஏஐயைக் காரணம் காட்டித் தன் ஊழியர்களில் சுமார் 250 பேரை, ஏறக்குறைய 30 சதவீதத்தினரை, வெளியே அனுப்பியது. முதல் வடிவம் இப்போது உண்மையிலேயே மலிவுதான், அதில் வாதமில்லை. ஆனால் நாய் பூனையாகி, பூனை மறுபடி நாயாகிற அந்த எட்டு சுற்று அப்படியேதான் இருக்கிறது. காசு அதற்குத்தான் கேட்கவேண்டும், அதற்குத்தான் இன்றுவரை யாரும் விலை போடவில்லை.

பெருங்களத்தூர்ப் பெண்ணிடம் டெய்லர் கதையைச் சொன்னேன். அவர் தன் பக்கத்தில் 'அளவில்லை' என்பதை எடுத்துவிட்டு இரண்டு வரி எழுதிவைத்தார். என் பிழை என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் இலவசம். நீங்கள் சரி என்று சொன்ன வடிவத்தை மாற்றச் சொன்னால் ஒவ்வொரு முறைக்கும் 2 டாலர். முதல் இரண்டு வாரம் ஆர்டரே வரவில்லை, என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் ஒருவர் பேச்சில்லாமல் அந்த 2 டாலரைக் கட்டி நிறத்தை மாற்றி வாங்கிப் போனாராம். அதிலும் 40 சென்ட் தளத்துக்குப் போய்விட்டது.