கூத்து ஒலிநாடாவும் பாடத் திருத்தமும்

ஏட்டுச் சுவடியைக் கையிலெடுப்போர், படியெழுதினோன் பிழை எங்கெங்கு நேர்ந்திருக்கும் என்று முதற்கண் ஐயுறுவர். வேறு ஏடுகளோடு ஒப்புநோக்காமல் பாடம் கொள்ளார். தெருக்கூத்தை ஒலிநாடாவிலிருந்து ஆராய்வோர்க்கு இவ்வையம் எழுவதில்லை. கருவி பொய்யுரையாது என்று நம்பிவிடுகின்றனர். நாடாவும் ஒரு படியே. அதற்கும் படியெழுதினோன் பிழை உண்டு. பிறரைக் குறைகூறப் புகுமுன் எம் பிழையை எடுத்துரைத்தல் முறையாகும்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் திரௌபதியம்மன் விழாக்காலத்துப் பகலில் வில்லிபாரதம் படித்துப் பொருள் கூறுதலும் இரவில் கூத்து நிகழ்த்தலும் நெடுநாளைய வழக்கு. வில்லிபுத்தூரார் பிறந்ததாகக் கூறப்படும் சனியூர் திருமுனைப்பாடி நாட்டதாதலின் அந்நூல் இந்நிலத்திற்கு அயலதன்று. செஞ்சியைச் சூழ்ந்த திரௌபதி வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டெபைடல் 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக விரித்தெழுதினார். ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் கூத்து நூல் 1990இல் வந்தது. கதையும் சடங்கும் இங்ஙனம் நன்கு ஆராயப்பட்டன. பாட்டின் சுருதியையும் காலத்தையும் அளந்து கூறுவோர் சிலரே. அச்சிலருள் யாமும் ஒருவரானோம்.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூரொன்றில் பதிவான பழைய சுருளொன்று எமக்குக் கிடைத்தது. திரௌபதி வேடம் பூண்ட ஆடவர் ஆறரைக் கட்டையில் பாடுகிறார் என வியந்தெழுதினோம். விழுப்புரத்துப் பக்கத்துச் சுருள்களோடு ஒப்பிட்டு, திண்டிவனத்தார் விரைந்த நடையினர் என்றும் முடிவு கட்டினோம். அக்கலைஞரைக் கேட்டிருந்த முதியவர் ஒருவர், "அவர் குரல் இவ்வளவு கீச்சென்று இராதே" என்றார். நினைவு தளர்ந்தவர் கூற்றென்று அதனை ஒதுக்கினோம். அவர் கூறியதே மெய்.

சோதனை இரு படியினது. முதலாவது நாடாவை ஓட்டும் கருவியைச் சோதித்தல். வினாடிக்கு 19.05 சென்டிமீட்டர் ஓடவேண்டிய நாடாவில் 11 மீட்டர் 43 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு குறிகள் இட்டால், அவ்விடைவெளி கடக்க 60 வினாடி ஆதல் வேண்டும். 61 வினாடியாயின் ஒலி ஏறத்தாழ நூற்றுக்கு 1.6 பங்கு தாழும். இசைநூலார் கூறும் பிரமாண சுருதி 81/80, அஃதாவது 1.25 பங்கே! ஒரே சீரான பிழை ஒரு நாடாவினுள் சுரங்களின் உறவைக் கெடாது. இரு நாடாக்களை ஒப்பிடுங்கால் முற்றும் கெடுக்கும்.

எம் கருவி இச்சோதனையில் தேறிற்று. பின்னர் நாடாவிற் பதிந்திருந்த மின் ரீங்காரத்தை அளந்தோம். நாடா நின்ற பின்னும் ஒலிக்கும் ரீங்காரம் நம் கருவியினது; அதனை விலக்குதல் வேண்டும். நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 அலைவு உடையது. நாடாவில் இருந்ததோ 60. அமெரிக்க நாட்டு 60 அலைவு மின்னோட்டத்திற்கு அமைந்த கருவி இங்கே பயன்பட்டது என்பது இதனாற் புலனாயிற்று. மின்மாற்றி வோல்ட் அளவைக் குறைக்குமேயன்றி அலைவை மாற்றாது. ஆதலின் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு விரைவிற் சுழன்று பதிவு செய்தது. உரிய விரைவில் ஓட்டியவழி ஒலி ஐந்தில் ஆறாக உயர்ந்தது. ஐந்து கட்டை ஆறரைக் கட்டையாயிற்று. ஒரு மணி நேரப் பாட்டு 50 நிமிடத்தில் முடிந்தது. யாம் வியந்த ஆற்றல் மோட்டாருடையது.

ரீங்காரம் எப்போதும் நேர்மையான சாட்சியன்று. 1990களில் தென்னக மின்தொகுப்பில் அலைவு 48.5க்கும் கீழே இறங்குதல் அரிதன்று. மின்னலைவையே பின்பற்றிச் சுழலும் மோட்டாராயின், ரீங்காரம் தாழ்ந்த அளவிற்கு நாடாவும் மெதுவாக ஓடியிருக்கும். மீண்டும் ஓட்டுங்கால் ரீங்காரம் 50 என்றே காட்டும், பாட்டோ ஏறக்குறைய கால் கட்டை உயர்ந்து நிற்கும். கள்வனும் காவலனும் உறவாயின் வழக்கு என்னாகும்?

மின்கலத்தால் இயங்கிய கருவிக்கு ஆர்மோனியமே தக்க சாட்சி. உலோக நாக்குகளின் சுருதி ஓர் இரவில் மாறுவதில்லை. வாசிப்போர் கட்டையை மாற்றின் அரைக் கட்டையேனும் மாறும். அதனிற் குறைந்த ஏற்றம் விடியற்காலச் சுருளிற் காணப்படின், மின்கலம் தளர்ந்து பதிவு மெலிந்தோடியது என்று துணியலாம். முகவீணையை இங்ஙனம் நம்பற்க; ஊதுவோன் மூச்சும் உதடும் அதன் சுருதியை அசைக்கும்.

திருத்திய விரைவில் அந்நாடாவை மீளக் கேட்டோம். கட்டியக்காரன் உரையில் முன்பு கலங்கிய சொற்கள் தெளிந்தன. எம் எழுத்துப்படியில் நான்கு இடங்களில் பாடம் மாறிற்று. விழுப்புரச் சுருள்கள் மின்கலக் கருவியிற் பதிந்தவை. அவற்றில் ஆர்மோனியச் சோதனை இன்னும் முடியவில்லை. ஆதலின் இரு பகுதிகளின் நடைவிரைவு பற்றி யாம் முன்னர் எழுதியதைத் திரும்பப் பெறுகின்றோம்.