குறுவட்டக் கணக்கும் கொல்லைக் கிணறும்

திருநாவலூரைச் சுந்தரர் பிறந்த ஊர் என்றே தமிழ்நாடு அறியும். நிலத்தடி நீரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அந்த வட்டாரம் வேறொரு காரணத்துக்காக முக்கியம். மேற்கே கல்வராயன் மலை வரை போனால் சார்னோகைட்டும் நைசுமான கெட்டிப் பாறை. கிழக்கே பண்ருட்டிப் பக்கம் போகப்போகக் கடலூர் மணற்கல். பாறையில் தண்ணீர் வெடிப்புகளில்தான் இருக்கும். ஒரு கொல்லையில் இருநூறு அடியில் கிடைத்தது, வரப்புக்கு அந்தப் பக்கம் எண்ணூறு அடி போட்டாலும் புழுதியாகவே வரலாம். மணற்கல்லில் நீர் தாங்கும் அடுக்கு பரவலாக விரிந்து கிடக்கிறது.

இப்படிப்பட்ட நிலத்துக்கு அரசு அறிவியல் ஒரு சதவீதத்தைத் தீர்ப்பாகக் கொடுக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில நீர்வளத் துறையும் சேர்ந்து, ஆண்டில் எடுக்கத்தக்க நீர் எவ்வளவு, எடுக்கப்படுவது எவ்வளவு என்று கணக்கிடுகின்றன. 70 சதவீதம் வரை பாதுகாப்பானது, 90 வரை மித அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அதிநுகர்வு. 2017 கணக்கில் தமிழ்நாட்டின் 1166 குறுவட்டங்களில் (பிர்காக்களில்) 462 அதிநுகர்வு. 2020இல் அது 435.

இந்தப் பணியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பல மாநிலங்கள் ஒன்றியம், தாலுகா அளவிலேயே நின்றுவிட்டபோது அந்தக் கணக்குகளில் தமிழ்நாடு குறுவட்டம் வரை இறங்கியது. எல்லா மாநிலங்களுக்கும் ஒரே முறை இருப்பதால் ஒப்பிட முடிகிறது. அதைவிடப் பெரிய சொத்து, கண்காணிப்புக் கிணறுகளில் பல பத்தாண்டுகளாக எடுக்கப்பட்டுவரும் நீர்மட்ட அளவு. கயிறும் நாடாவும் கொண்டு ஊழியர் ஒருவர் திரும்பத் திரும்ப இறக்கி எடுத்த அந்த எண்கள் இல்லையென்றால், நம்மிடம் இருப்பது பெரியவர்களின் நினைவு மட்டுமே.

சிக்கல், அந்த நல்ல அளவு சதவீதமாக மாறும் வழியில் இருக்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்பதைப் பரப்பாலும், பாறையின் நீர் தரும் திறனாலும் பெருக்கித்தான் நிலத்துக்குள் இறங்கிய நீரைக் காண்கிறார்கள். 1997ஆம் ஆண்டு நெறிமுறை, களிமண் குறைவான சிதைந்த பாறைக்கு அந்தத் திறன் 3 சதவீதம் என்றும் களிமண் மிகுந்ததற்கு 1.5 சதவீதம் என்றும் பரிந்துரைத்தது. எது உங்கள் மண் என்று முடிவு செய்வதிலேயே விடை இரட்டிப்பாகலாம், பாதியாகலாம்.

எடுக்கும் பக்கம் இன்னும் ஆட்டம். விவசாயப் பம்புசெட்டுகளுக்கு 1990 முதல் இலவச மின்சாரம், மீட்டர் இல்லை. ஆகவே சிறுபாசனக் கணக்கெடுப்பில் வரும் கிணறுகளின் எண்ணிக்கையை, ஒரு கிணறு சராசரியாக இவ்வளவு இறைக்கும் என்ற அளவால் பெருக்குகிறார்கள். கரும்புக்கு ஓடும் போரும் உளுந்துக்கு ஓடும் போரும் அந்தச் சராசரிக்குள் கரைந்துவிடுகின்றன. பக்கத்திலேயே நெய்வேலிச் சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவு பகலாக இறைத்தால்தான் வெட்டவே முடியும். அங்கே நீரியல் துல்லியமான தொழில். தேவைப்பட்ட இடத்தில் அளக்க நமக்குத் தெரியாமல் இல்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறு. 2019இல் ஹோரா, வீணா சீனிவாசன், பாசு ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியாவில் நிலத்தடி நீர் மீள்கிறது என்ற நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தியது. வற்றிப்போன கண்காணிப்புக் கிணறுகள் பகுப்பாய்விலிருந்து விடுபட்டுப் போகின்றன. மிஞ்சும் கிணறுகளை வைத்துப் பார்த்தால் மட்டம் உயர்வதாகத் தோன்றும். செத்தவரை விட்டுவிட்டு ஊரின் உடல்நலத்தை அளப்பது போன்றது இது. ஆகவே 462 என்பது 435 ஆனதைக் கண்டு உடனே மகிழ எனக்கு மனம் வரவில்லை. நல்ல மழையாலும் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். ஆனால் வற்றிய கிணறுகள் எப்படிக் கணக்கில் கொள்ளப்பட்டன என்று சொல்லாத எண்ணை வைத்துக் கொள்கை வகுக்க முடியாது.

குறுவட்டம் வருவாய்த் துறை வசதிக்காகப் போட்ட கோடு; பாறைக்கு அது தெரியாது. கெட்டிப் பாறையும் மணற்கல்லும் சந்திக்கும் திருநாவலூர் போன்ற வட்டாரத்தில் இந்தக் குறை பெரிதாகும். 2012இல் தொடங்கிய தேசிய நீர்த்தாங்கி வரைபடத் திட்டம் பாறையின் எல்லையைப் பின்பற்ற முயன்றது உண்மையான முன்னேற்றம். ஆனால் அதன் அறிக்கைகள் யாருக்காக எழுதப்பட்டன? போர் போட நினைக்கும் உழவர் கேட்பது, என் நிலத்தில் எந்த இடம், எத்தனை அடி என்பதை. நிலத்துக்குள் மின்னோட்டம் செலுத்திப் பார்க்கும் வேளாண் பொறியியல் துறையின் மின்தடை ஆய்வு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். எனினும் பெரும்பாலோர் ரிக் வண்டியைக் கூப்பிடுமுன் தேங்காயோடும் வேப்பங்குச்சியோடும் நீரோட்டம் பார்ப்பவரைத்தான் தேடிப் போகிறார்கள். அவரைக் கேலி செய்வது எளிது. அவர் அன்றைக்கே கொல்லைக்கு வருகிறார்.

அளக்கும் வேலையை உழவரிடமே கொடுத்த முன்னுதாரணம் அண்டை மாநிலத்தில் உண்டு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு அன்றைய ஆந்திரத்தின் வறண்ட ஏழு மாவட்டங்களில் நடந்த திட்டத்தில், ஊராரே கிணற்றையும் மழையையும் அளந்து, பருவத்துக்கு முன் பயிருக்கான நீர்க்கணக்குப் போட்டார்கள். அந்தத் திட்டத்தில் கட்டாயம் ஏதும் இல்லை. 2019இல் மத்திய அரசு தொடங்கிய அடல் பூஜல் திட்டமும் ஊராட்சி அளவிலான நீர்க்கணக்கை நம்பியது. அதன் ஏழு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. 2003இல் இங்கே இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013இல் திரும்பப் பெறப்பட்டது.

இறைப்பை அளக்க மீட்டர் வேண்டும்; ஆனால் மீட்டர் என்றாலே இங்கே கோபம் எழும். மின்கட்டணத்தை எதிர்த்து உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களில் உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாநிலம் இது. மீட்டரைக் கட்டணத்தின் முன்னறிவிப்பாகப் பார்ப்பதில் வியப்பில்லை. அதனால் எல்லாக் கிணற்றிலும் மாட்ட வேண்டியதில்லை. ஒன்றியத்துக்குச் சில கிணறுகள், சம்மதித்தவர்களுடையவை, கட்டணம் வராது என்ற எழுத்து உறுதியோடு. அங்கே கிடைக்கும் அளவையும் கண்காணிப்புக் கிணற்றின் மட்டத்தையும் கிராம சபையில் வாசித்துவிடலாம். சதவீதத்தை அப்புறம் திருத்திக்கொள்ளலாம். முதலில் கரும்பு நடுவதற்குமுன் அந்த எண் ஊருக்குள் வந்து சேரட்டும்.