பிறன் இல்

2004இல் லார்ட்ஸில், தன் முதல் ஒருநாள் போட்டியிலேயே மைக்கேல் வானை ஸ்டம்பிங் செய்த சென்னைப் பையன் தினேஷ் கார்த்திக். 2021இல் மைக் பிடித்தபோதும் அந்தக் கூர்மை இருந்தது, விரும்பிக் கேட்டேன். ஜூலையில், இங்கிலாந்து–இலங்கை ஆட்டத்தின் நடுவே, பேட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் மனைவிக்கு ஒப்பிட்டார்: அடுத்தவருடையதுதான் நன்றாகத் தெரியுமாம். மயிலாப்பூர்க் குளக்கரையில் கேட்டுச் சலித்த ஜோக்.

'பிறனில் விழையாமை' நடத்தும்போது தலைப்பிலேயே நின்றுவிடுவேன். கண்டிக்கும் வள்ளுவருக்கும் அவள் இன்னொருவனுடைய 'இல்'.

அடுத்த ஆட்டத்திலேயே மன்னிப்புக் கேட்டார். அம்மாவும் மனைவியும் திட்டினார்களாம். அந்த மனைவி தீபிகா பள்ளிக்கல். ஆண்களுக்கு இணையான பரிசுத்தொகை கேட்டு, தேசிய ஸ்குவாஷ் போட்டியை ஆண்டுக்கணக்கில் புறக்கணித்தவர். மன்னிப்புக்குள் அவர் வெறும் 'மனைவி'யாகத்தான் வந்தார்.